செல்வி பொண்ணு புடிச்ச பொடி கொசு

டேய் குமாரு,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, முட்டி வலி கொறஞ்சுதா? வேலூர் வெயில பத்தி எழுதி என்னா ஆவப்போவுது, விடு. போன்ல சொன்னா பாதில கட் பண்ணிடுவ, அதான் உக்காந்து டைப் அடிக்கறேன், முழுசா படி.

செல்வி பொண்ணு, உன் கண்ணாடிய ஒடச்சுச்சே, அது இப்போ பூச்சில பிஎச்டி பண்ணிகினு இருக்கு. ஜவ்வாது மலைல ஒரு ஆட்டுப்பட்டி பக்கத்துல ராத்திரி லைட் ட்ராப் வச்சு மிட்ஜ் புடிச்சிருக்கு. அதான்டா, கொசுவலை ஓட்டைலயே பூந்து வந்து கடிக்கும்ல அந்த பொடிசு, பெருசா போனா 3 மில்லிமீட்டர். அதுல ஒண்ணு எந்த கீ (பூச்சிய அடையாளம் கண்டுபுடிக்கிற பட்டியல்) வச்சு பாத்தாலும் எந்த ஜீனஸ்லயும் (பேரினம், பல இனம் சேந்த கூட்டம்) ஒக்காரலயாம். நட்டநடு ராத்திரில போன், "அங்கிள், புது ஜீனஸ்!"

எனக்கு தூக்கம் போச்சு. மறுநாளே போய் ஸ்லைட பாத்தேன். றெக்கைல நரம்புக்கு நடுவுல இருக்கற கட்டம், ரேடியல் செல்லுன்னு பேரு, அது ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுதான் தெளிவா தெரியுது, வாய் பக்கத்துல இருக்கற பால்ப்ங்கற உணர்கொம்புல இருக்கற குழியும் வேற மாதிரி, விந்து சேத்து வைக்கிற பைய எண்ணலாம்னா சரியா தெரியல, நம்ம வாத்தியார் பல்பு சார் மவுன்ட் பண்ண ஸ்லைடு மாதிரியே கலங்கலா கெடக்கு. சந்தேகமே இல்ல, விசித்திரமான பூச்சிதான். ஆனா விசித்திரமா இருந்தா போதுமாடா?

இந்த கடிக்கிற மிட்ஜ் குடும்பத்துல 6000க்கு மேல இனம், நூறுக்கு மேல ஜீனஸ். ஆட்டுக்கு நீலநாக்கு நோய கொண்டாறது க்யூலிகாய்டிஸ், கோகோ பூவுல மகரந்தம் சேக்கறது ஃபோர்சிபோமையா, நீ தின்ற சாக்லேட்டுக்கே அதுதான் புண்ணியம் கட்டிக்கிது. ரத்தம் குடிக்கறது பொம்பளைங்க மட்டும்தான். சில ஜாதில சேரும்போதே ஆம்பளைய உறிஞ்சி சக்கையா போட்டுடும், உன் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்துச்சு. கோஸ்டாரிக்கால சுர்கின்னு ஒரு எடம், வெறும் 4 ஹெக்டேர் காட்டுல ஈ, கொசு வகையறா மட்டும் 4332 இனம் எடுத்திருக்காங்க. குஜராத் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) சுரங்கத்து ஆம்பர்ல, அதான் கல்லா இறுகின மரப்பிசின்ல, 5.4 கோடி வருஷத்துக்கு முந்தின மிட்ஜ் ஒண்ணு, றெக்கைல பை மாதிரி ஒரு அமைப்பு, அதுல இருந்து ஜோடிய இழுக்க வாசனை விட்டிருக்கும்னு 2016ல எழுதினாங்க. அவ்ளோ வினோதமா இருந்தும் அத புது ஜீனஸ்னு சொல்லல, காம்ப்டோப்டெரோஹீலியாங்கற பழைய ஜீனஸ்லயே புது இனமா ஒடோரான்னு பேர் வச்சாங்க. இத அந்த பொண்ணு கிட்ட சொன்னேன், மூஞ்சி சின்னதா போச்சு.

இப்போ சீரியஸா சொல்றேன். அந்த பொண்ணு கைல இருக்கறது ஒரே ஒரு பெண் பூச்சி. ஆண் கெடைக்கல, புழு கெடைக்கல. ஒண்ண வச்சு ஜீனஸ் எழுதக்கூடாதுன்னு சட்டம் இல்ல, அந்த ஜீனஸுக்கு அடையாளமான டைப் இனம் எதுன்னு சொல்லி, ஹோலோடைப்ப, அதான் பேருக்கு ஆதாரமான அந்த ஒத்த பூச்சிய, மியூசியத்துல வச்சா பேர் செல்லும். ஆனா நாளைக்கு டிஎன்ஏ பாத்து இது பழைய ஜீனஸோட ஒரு கெளைக்குள்ள இருந்து மொளச்சதுன்னு தெரிஞ்சா? அத தனியா பிச்சு எடுத்தா பழைய ஜீனஸும் அரைகுறையா நிக்கும், அப்புறம் யாராவது வந்து ரெண்டையும் சேத்து இவ பேர அடிச்சிடுவான். கைடு என்னடான்னா பேப்பர் போடு பேப்பர் போடுன்னு ஒரே நச்சு, ஃபெல்லோஷிப் முடியப்போவுதுன்னு பயம் காட்றாரு. ஒரு மழைக்காலம் பொறுத்து, அதே பட்டில ஈர சாணி, சேறு எல்லாம் அள்ளினு வந்து லேப்ல வச்சு, அதுல இருக்கற புழு வளந்து பூச்சியா வெளிய வருதான்னு பாக்க சொல்றேன், நான் பழைய ஆளு பயப்படறேன்னு நெனைக்குது.

ஒருவேள நெசமாவே புது ஜீனஸா இருந்தா, அத நம்ம ஊரு பொண்ணு எழுதறத பாத்துட்டுதான்டா நான் கண்ண மூடுவேன். அதனாலதான் அவசரம் வேணாங்கறேன்.

நீ சொன்னா கேக்கும். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல போன் போடு, நான் சொன்னேன்னு சொல்லாத. ஒரு கால் மட்டும் எடுத்து டிஎன்ஏ பண்ண பெங்களூர்ல உனக்கு தெரிஞ்ச லேப் யாராச்சும் ஒத்துப்பாங்களா, அதையும் கேட்டு வை. செல்வி கிட்ட மட்டும் வாய விட்றாத, அவ ஏற்கனவே தன் பேரையே வைக்க சொல்லி நச்சரிக்கறா.

உன்
பாஸ்கரு