தம்பி, 'ன்னே' நம் அன்னை அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி இரண்டு முறை பார்த்தேன். குரல் நன்றாக வந்திருக்கிறது. படங்களைத் தேடி எடுக்க எவ்வளவு மெனக்கெட்டிருப்பாய் என்றும் தெரிகிறது. ஆனாலும் இதை இப்படியே வெளியிடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். நீ சொல்வதையே இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருப்பதால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்கள் இஸ்ரேலில் இருந்து போன குலம் என்று தொடங்குகிறாய். பாதிக்கு மேல் போனதும் அவர்களுக்கும் தமிழுக்கும் தொடர்பு என்கிறாய். இக்போவில் அம்மாவுக்கு 'ன்னே', நமக்கு அன்னை. கேமரூனில் தமிழ் பேசுகிறார்கள் என்று சுற்றும் வீடியோக்களைப் பார்த்த வேகத்தில், பக்கத்து நாட்டிலும் தேடிவிட்டாய் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். இக்போவில் அப்பாவுக்கு 'ன்னா'. 'ன்னே' அன்னை என்றால் 'ன்னா' அண்ணா ஆக வேண்டும். அப்படியானால் அவர்கள் அப்பாவை அண்ணா என்று கூப்பிடுகிறார்களா? ம, ந, ப என்ற ஒலிகள்தான் குழந்தை வாயில் முதலில் வருபவை. அதனால் அம்மா அப்பாவைக் குறிக்கும் சொற்கள் உலகம் முழுக்க ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். உறவு பார்க்க வேண்டுமானால் மற்ற சொற்களைப் பார்க்க வேண்டும். மூக்குக்கு இக்போவில் 'இமி', மேற்கே பேசும் யொரூபா மொழியில் 'இமு'. மூன்றுக்கு இங்கே 'அட்டோ', அங்கே 'எட்டா'. இது ஒன்றிரண்டு சொல்லோடு நிற்பதில்லை. வரிசையாக, ஒரு ஒழுங்கோடு வருகிறது. இக்போவின் சொந்தக்காரர்கள் அதன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக ஒரே நிலத்தில் கிளை பிரிந்த மொழிகள் அவை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பாய். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் குடோனில் நான் கணக்கு எழுதிய வருஷங்களில் சரக்கு எடுக்க வந்த நைஜீரியர்களில் பலர் இக்போக்காரர்கள். அவர்களில் ஒருவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த சொல் 'அக்வா'. துணி என்று அர்த்தம். நான் திருப்பிச் சொன்னதும் சிரித்துவிட்டார். நான் சொன்ன விதத்தில் அது முட்டையாம். இன்னொரு மாதிரி ஏற்றி இறக்கினால் படுக்கை. இரண்டு அசையையும் மேலே தூக்கினால் அழுகை. பனியன் பண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுகைக்கும் துணிக்கும் நடுவில் தடுமாறினேன். 'இக்போ' என்று நாம் எழுதுவதே சரியில்லை. அந்த க-வும் ப-வும் ஒரே நொடியில் சேர்ந்து ஒலிக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு அது வரவில்லை, 'இபோ' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ரொம்ப காலம் உலகம் அவர்களை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது.

உன் வீடியோவில் எனக்கு மிகவும் வலித்த இடம் இக்போ-உக்வு வெண்கலங்கள் வருகிற பகுதி. 'இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்தவர்கள் வெளியில் இருந்து வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்' என்று சொல்கிறாய். தம்பி, அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து எடுத்துவிடு.

1938-இல் இக்போ-உக்வு என்ற ஊரில் ஐசையா அனோசி என்பவர் தன் வீட்டு வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. 1959-இல் தர்ஸ்டன் ஷா என்ற தொல்லியல் அறிஞர் அங்கே முறையாக அகழாய்வு தொடங்கினார். பக்கத்துப் பக்கத்தில் மூன்று இடங்கள். ஒன்றில் சடங்குப் பொருள்கள் வைத்திருந்த அறை. இன்னொன்றில் அலங்காரத்தோடு உட்கார்ந்த நிலையில் புதைக்கப்பட்ட ஒரு பெரிய மனிதர்; யானைத் தந்தம், செம்பில் தலையணி, வெண்கலத்தில் வார்த்த சிறுத்தை மண்டை ஓடு. கண்ணாடியும் கார்னிலியன் கல்லுமாக மணிகள் மட்டும் 1,65,000-க்கு மேல். காலம் ஏறக்குறைய 9-ஆம் நூற்றாண்டு.

அதில் ஒரு குடுவை இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பார். கயிற்றை வலை போலப் பின்னி ஒரு பானையைச் சுற்றிக் கட்டி வைத்த மாதிரி இருக்கும். பானையும் வெண்கலம், கயிறும் வெண்கலம். முடிச்சு ஒவ்வொன்றும் விரலால் அவிழ்க்கலாம் போலத் தெரியும். ஒரு சங்கின் மேல் நெல் அளவுக்குப் பூச்சிகள் உட்கார்ந்திருக்கும், அதுவும் வார்ப்புதான். அச்சை மெழுகில் செய்தார்களா, மரத்துப் பாலில் செய்தார்களா என்று ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுவாமிமலையில் நீ பார்த்த அதே தத்துவம்தான், உருக்கிய உலோகம் அச்சின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. இதையும் தொடர்பு என்று எழுதிவிடாதே. மெழுகு உருகும் என்பதைக் கண்டுபிடிக்க யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை.

அந்த வெண்கலத்தோடு ஒட்டிக்கொண்டு துணித் துண்டுகளும் பிழைத்திருந்தன. செம்புக் களிம்பு பட்ட இடத்தில் மட்டும் மக்காமல் நின்றிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய 'அக்வா'. நூல் கணக்கு எழுதிப் பிழைத்தவள் நான், இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதெல்லாம் வேறெங்கோ செய்து கொண்டுவந்தது என்று அன்றைக்கும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் பாணி எதனோடும் ஒத்துப்போகவில்லை. உலோகத்தைச் சோதித்தபோது தாது தென்கிழக்கு நைஜீரியாவிலேயே கிடைப்பது என்று தெரிந்தது. மணிகளில் ஏராளமானவை தூரதேசத்துச் சரக்குதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சரக்கு வருவது வேறு, ஆள் வருவது வேறு. இங்கே தைத்த பனியனை லாகோஸில் போட்டுக்கொண்டு நடப்பதால் யாரும் நம் ஊர்க்காரர் ஆவதில்லை.

ஆப்பிரிக்காவில் எது நன்றாக இருந்தாலும் அதை வெளியில் இருந்து வந்தவர்கள் கணக்கில் எழுதுவது பழைய பழக்கம். 1930-இல் செலிக்மன் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் அந்தக் கண்டத்தின் நாகரிகங்களே வடக்கில் இருந்து வந்த 'ஹாமிய' இனத்தின் வேலை என்று எழுதினார். பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்த கருத்து அது. நீ அன்போடு சொன்னதும் அதே இடத்தில்தான் போய் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தங்கள் தொடக்கத்தைப் பற்றி அவர்களே ஒரு கதை வைத்திருக்கிறார்கள். உமுன்ரி என்று சொல்லும் ன்ரி வழியினரின் கதை. சுக்வு என்ற பெரிய கடவுள் ஏரி என்பவரை வானத்தில் இருந்து இறக்கினார். கீழே முழுக்கச் சேறு. கரையான் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆக்கா ஊர்க் கொல்லர் ஒருவர் துருத்தி ஊதி நிலத்தைக் காயவைத்தார். ஏரி இறந்ததும் வானத்து உணவு நின்றுபோனது. அவர் மகன் ன்ரி முறையிட்டான். உன் மூத்த மகனையும் மகளையும் பலி கொடுத்துப் புதை என்று பதில் வந்தது. மகன் புதைந்த இடத்தில் பெருவள்ளிக் கிழங்கு முளைத்தது, மகள் புதைந்த இடத்தில் சேப்பங்கிழங்கு. கிழங்கை ஏன் அவர்கள் வெறும் சாப்பாடாகப் பார்ப்பதில்லை, புதுக் கிழங்கு வரும்போது ஏன் திருவிழா என்பதெல்லாம் இந்தக் கதையைக் கேட்டால் புரியும். சேறும் துருத்தியும் கொல்லனும் இருக்கிற கதை. மண்ணை விட்டு அது எங்கும் போகவில்லை.

இந்த ஏரியைத்தான் பைபிளில் காத் என்பவரின் மகன் ஏரி என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். ஆதியாகமத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. உன் வீடியோவில் நீ காட்டும் பெரிய ஆதாரமும் அதுதான். மறுபடியும் ஒலி ஒற்றுமை.

ஆனால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்கிறவர்களில் இக்போக்காரர்களும் உண்டு. அடிமையாக விற்கப்பட்டு, 1766-இல் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஒலாடா எக்வியானோ, தன்னை இக்போ என்று சொல்லி 1789-இல் லண்டனில் தன் வரலாற்றை வெளியிட்டார். அதில் தன் மக்களின் வழக்கங்களை யூதர்களின் வழக்கங்களோடு ஒப்பிடுகிறார். பைபிள் படிக்கிற, அடிமை வாங்குகிற சமூகத்திடம் 'நாங்களும் மனிதர்கள்' என்று சொல்ல அவருக்குக் கிடைத்த மொழி அதுதான் என்று நான் நினைக்கிறேன். பின்னால் பாஸ்டென் என்பவரைப் போன்ற மிஷனரிகளும் அதே ஒப்பீட்டை எழுதினார்கள். பிறந்த எட்டாம் நாள் சுன்னத்து என்பது எல்லோரும் காட்டும் சான்று. பியாஃப்ரா போரில் அந்த ஒப்பீட்டுக்கு வேறொரு வலி சேர்ந்துவிட்டது. 1966-இல் வடக்கு நைஜீரியாவில் இக்போக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். 1967 மே 30-இல் பியாஃப்ரா என்ற பெயரில் தனி நாடு அறிவித்தார்கள். 1970 ஜனவரி 15-இல் எல்லாம் முடிந்தபோது முற்றுகையின் பட்டினியிலும் போரிலும் லட்சக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். தங்களை யூதர்களோடு சேர்த்து நினைக்கிறவர்களிடம் போய் நான் வாதம் செய்ய மாட்டேன். இன்று யூத மதத்தைப் பின்பற்றும் இக்போக் குடும்பங்கள் இருக்கின்றன. அது அவர்கள் வழிபாடு. ஆனால் நீயும் நானும் வெளியே நின்று அதை வரலாறு என்று சொல்வது வேறு விஷயம்.

அந்தப் போர்தான் உலகத்துக்கு இக்போ என்றால் வயிறு வீங்கிய குழந்தை என்ற படத்தைக் கொடுத்தது. அதற்கு முன்னால், 1910-இலேயே, நார்த்கோட் தாமஸ் என்ற அரசு மானுடவியலாளர் எண் அட்டையை வைத்து மனிதர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது நம் சினிமாவில் நைஜீரியர் என்றாலே போதைப்பொருள் விற்பவர். எனக்கு 'அக்வா' கற்றுக்கொடுத்தவர் வீடு தேடி அலைந்த வாரத்தில் நானும் கூடப் போனேன். எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. 'உங்கள் ஊரில் எல்லோருக்கும் என்மேல் பயமா?' என்று என்னிடம்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நீ காட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. 'இக்போவுக்கு ராஜா கிடையாது' என்று அவர்களே சொல்வார்கள். ன்ரி, ஒனிட்சா மாதிரி சில இடங்களில் அரசர் உண்டு. மற்றபடி ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். பிரிட்டிஷ்காரர்களுக்கு இது புரியவில்லை. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்துத் தலைவர்களை நியமித்தார்கள். 1929 நவம்பரில் ஓலோகோ என்ற ஊரில் ன்வான்யெருவா என்ற பெண் எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தபோது, தலைவரின் ஆள் வந்து வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று கணக்குக் கேட்டான். உன் அம்மாவை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டாள். பெண்களுக்கும் வரி வருகிறது என்று செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள், பக்கத்து இபிபியோ பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தலைவர்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆடிப் பாடி அவமானப்படுத்தினார்கள்; தவறு செய்த ஆணைத் தண்டிக்க அவர்களிடம் ஏற்கெனவே இருந்த முறை அது. படை சுட்டதில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அரசாங்கம் அதற்கு 'ஆபா கலவரம்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெண்கள் வைத்த பெயர் 'பெண்கள் போர்'. நீ எந்தப் பெயரைச் சொல்கிறாய் என்பதைப் பார்த்துக்கொள்.

இதே ஆபாதான் இன்று தையலுக்கும் செருப்புக்கும் பேர்போன ஊர். குடோனுக்கு வந்த அந்த 'அக்வா' நண்பர் அங்கேதான் தொழில் கற்றார். உறவுக்காரர் ஒருவரிடம் ஏழு வருஷம் சம்பளமில்லாமல் இருந்து வியாபாரம் பழகினார். முடிந்ததும் அந்த முதலாளி முதல் போட்டுத் தனிக்கடை வைத்துக் கொடுத்தார். தன்னிடம் பழகியவனே நாளைக்குப் போட்டிக் கடைக்காரன் ஆவான் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். போர் முடிந்தபின் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இருபது பவுண்டுதான் என்று அரசு கையை விரித்த காலத்தில் அவர்கள் எழுந்து நின்றதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் பெயர்கள். அவர்கள் சந்தை வாரம் நான்கே நாள்: எகே, ஓரியே, அஃபோ, ன்க்வோ. ஓகாஃபோர் என்றால் அஃபோ நாளில் பிறந்தவர், ஓகோன்க்வோ என்றால் ன்க்வோ நாள். நான் பில்லில் எழுதிய பெயர்களில் பாதி சந்தை நாள்கள் என்று தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது.

அவர் அடுத்த மாதம் சரக்கெடுக்க வருகிறார். நீயும் வா. வந்ததும் கோலாக் கொட்டையை எடுத்து வைப்பார், 'ஓஜி' என்பார்கள். பெண்கள் உடைப்பது வழக்கமில்லை என்று என்னை விடுவதில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். அதன்மேல் இக்போவில்தான் வேண்டிக்கொள்வார், கோலாவுக்கு இங்கிலீஷ் கேட்காது என்பார்கள். அது முடிகிறவரை பேசாமல் இரு. பிறகு எந்த ஊர், யாருடைய வழி என்று கேள், சாயங்காலம் வரை சொல்லுவார். முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

சித்தியிடம் சொல்லி அந்தப் பெரிய டிபன் கேரியரை எடுத்து வா. போன தடவை நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு வறுவலை அவர் ரொம்ப விரும்பிச் சாப்பிட்டார்.

அன்புடன்,
அக்கா