ட்ரென்டன் சட்டமன்றத்துக்கு: 911க்குன்னு வாங்கற 90 சென்ட் எங்க போகுது?

நியூ ஜெர்சி செனட்டர்கள் 40 பேருக்கும் அசெம்ப்ளி உறுப்பினர்கள் 80 பேருக்கும் வணக்கம். நான் எடிசன் பக்கம் குடியிருக்கேன், மாசாமாசம் போன் பில் கட்டறேன், வேற எந்த தகுதியும் இல்ல. டாக்ஸே வேணாம்னு மல்லுக்கட்ட வரல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

பில்லுல கீழ பொடி எழுத்துல, அவசரத்துக்கு கூப்பிடற 911 நம்பருக்குன்னு மாசம் லைனுக்கு 90 சென்ட், 2004லேர்ந்து வாங்கறீங்க. வீட்ல நாலு லைன்னா வருஷத்துக்கு 43 டாலர் 20 சென்ட், ஓக் ட்ரீ ரோட்டுல குடும்பத்தோட ஒரு வேளை சாப்பிட்டாலே அதைவிட ஜாஸ்தி ஆகும். ஆனா மாநிலம் முழுக்க சேத்தா வருஷம் 12 கோடி டாலருக்கு மேல வருது, அதுல பெரும்பகுதி 911 கால் எடுக்கற இடத்துக்கு போறதே இல்ல. நானா சொல்லல, போன், டிவி மாதிரி தகவல் தொடர்பை கவனிக்கற ஃபெடரல் அமைப்பான எஃப்சிசி வருஷாவருஷம் காங்கிரஸுக்கு குடுக்கற ரிப்போர்ட்ல 911 பணத்தை வேற செலவுக்கு திருப்பற மாநிலம்னு நம்ம பேரு திரும்பத் திரும்ப வருது. அந்தப் பணம் போற ஸ்டேட் போலீஸ் செலவும் பப்ளிக் சேஃப்டிதானேம்பீங்க, சட்டத்தையும் அதுக்கு தோதாதான் எழுதி வச்சிருக்கீங்க. போலீஸுக்கு வேணும்னா போலீஸுக்குன்னு சொல்லியே வாங்குங்களேன்.

எங்ககிட்ட மட்டும் போன் விஷயத்துல அவ்ளோ கறார். வண்டி ஓட்டும்போது கையில புடிச்சா முதல் தடவையே 200லேர்ந்து 400 டாலர் ஃபைன், மூணாவது தடவை 800 வரைக்கும், கூடவே லைசென்ஸ்ல 3 தண்டனை பாயின்ட், லைசென்ஸே 90 நாள் போகலாம். நியாயமான சட்டம்தான், ரூட் 1ல டெக்ஸ்ட் அடிச்சுக்கிட்டே லேன் மாறுற ஆளுங்கள பாத்தா யாருமே ஒத்துக்குவாங்க. அதே சட்டத்துல, தீ, ஆக்சிடென்ட், யாருக்காவது உயிருக்கு ஆபத்துன்னா ஒரு கைய ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு போனை எடுத்து கூப்பிடலாம்னு விதிவிலக்கும் இருக்கு. சரி, கூப்பிடறோம், அந்தப் பக்கம் எடுக்கறவங்களுக்கு யாரு காசு குடுக்கறது?

கவுன்ட்டியும் டவுனும்தான், எங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸ்லேர்ந்து. நாட்டுலயே அதிகமான ப்ராப்பர்ட்டி டாக்ஸ் வேற. ஆக ஒரே வேலைக்கு ரெண்டு தடவை கட்டறோம். இதுல பணத்தை இப்படி திருப்பற மாநிலத்துக்கு ஃபெடரல் 911 மானியமும் கிடையாதுங்கறாங்க, அந்த நஷ்டமும் நம்ம தலையிலதான்.

லேண்ட்லைன்ல கூப்பிட்டா அட்ரஸ் நேரா ஸ்கிரீன்ல வந்துடும், செல்லுலேர்ந்து கூப்பிட்டா டவரையும் ஜிபிஎஸ்ஸையும் வச்சு தோராயமாதான் தெரியும், எத்தனாவது மாடின்னு கண்டுபுடிக்கறது இன்னும் கஷ்டம். ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசம் தங்கற அம்மா அப்பா பகல்ல தனியா இருக்கற வீடு எங்க பக்கம் எத்தனையோ, பதட்டத்துல அபார்ட்மென்ட் நம்பர இங்கிலீஷ்ல சொல்ல வருமா அவங்களுக்கு? இடத்த இன்னும் துல்லியமா காட்டற சிஸ்டத்துக்கும், மொழிபெயர்க்க ஆள லைன்ல கூப்பிடற வரைக்கும் பொறுமையா பேசற, 911 கால் எடுக்கற டிஸ்பேட்சருக்கும்தான் இந்த 90 சென்ட் போகணும்.

ஜூன் 30க்குள்ள பட்ஜெட் போட்டாகணும் இல்லையா, அதுல கவுன்ட்டி டிஸ்பேட்ச் சென்டருக்குன்னு ஒரு பங்கை சட்டமாவே எழுதுங்க. மொத்தத்தையும் ஒரே வருஷத்துல 911க்கே குடுக்க முடியாதுன்னா வருஷம் கொஞ்சமா ஏத்துங்க. அதுவும் முடியாதுன்னா பில்லுலேர்ந்து 911ங்கற பேரையாவது எடுத்துடுங்க.