வானவில் யூகலிப்டஸ் சோலை: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பூங்காவின் கிழக்கு எல்லையில், பட்டை உரிந்து அடிமரத்தில் பல நிறம் காட்டும் வானவில் யூகலிப்டஸ் மரங்களை நட எடுத்துக்கொண்ட பணி நிறைவடைந்துவிட்டது. கன்று பிழைத்தால் மட்டும் போதாது, அடிமரத்தில் நிறம் வந்த பிறகே அறிக்கை என்று குழு முடிவு செய்திருந்தது. இப்போது நிறம் வந்துவிட்டது.

'தைல மரமா?' என்று தயங்கியவர்கள் உண்டு. அது நியாயமான தயக்கம். இது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பப்புவா நியூ கினி நாடுகளின் மழைக்காடுகளில், பெரும்பாலும் ஆற்றோரங்களில் வளரும் மரம். தண்ணீர் நிறையக் கேட்கும். அதனால்தான் மழைநீர் வந்து சேரும் தாழ்வான பகுதியைத் தேர்ந்தெடுத்து, நீர் தேங்காதபடி வடிகாலும் அமைத்தோம். சொந்த மண்ணில் 60 மீட்டரைத் தாண்டும் மரம் என்பதால் கட்டடம், குழாய், நடைபாதை எல்லாவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளியே நட்டிருக்கிறோம்.

விதை தூள் போல அவ்வளவு நுண்ணியது. மண்ணால் மூடாமல் மேலேயே தூவி, தட்டுக்கு அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டோம். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டிக்குள் வேர் சுற்றிக்கொள்ளும் முன்பே, சிறு கன்றாக இருக்கும்போதே நிலத்துக்கு மாற்றியதுதான் இந்தப் பணியில் மிக முக்கியமான முடிவு என்பது குழுவின் கருத்து. அப்புறம் முழு வெயில், மண்ணின் ஈரம் காக்க அதை மூடும் தடிமனான மூடாக்கு, வறண்ட நாட்களில் சொட்டுநீர்.

இனி பட்டை. அது ஒரேயடியாக உரியாது. இங்கே ஒரு கீற்று, அங்கே ஒரு கீற்று என்று காகிதம் போல மெலிதாகச் சுருண்டு விழுகிறது. விழுந்த இடத்தில் தெரிவது பளிச்சென்ற இளம்பச்சை. அது பச்சையம்தான். நாளாக ஆக அந்த இடம் நீலம், ஊதா, செம்மஞ்சள், கருஞ்சிவப்பு என்று மாறி, கடைசியில் பழுப்பாகி மறுபடி உரிகிறது. ஒவ்வொரு கீற்றும் வெவ்வேறு நேரத்தில் உரிவதால் எல்லா வயது நிறமும் ஒரே அடிமரத்தில் தெரிகிறது. மழை பெய்த மறுநாள் காலை வந்து பாருங்கள், நிறம் இன்னும் எடுப்பாக இருக்கும்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். தொங்கும் பட்டையைக் கையால் உரிக்காதீர்கள், குழந்தைகளையும் உரிக்க விடாதீர்கள். முதிராத பட்டையைப் பிய்த்தால் அடியில் உள்ள உயிருள்ள திசு காயப்பட்டு, பூஞ்சை நுழைய வழியாகிவிடும்.

நீர் பாய்ச்சும் பொறுப்பு இனி பராமரிப்புக் குழுவைச் சேரும். மூடாக்கு அடிமரத்தைத் தொடாமல் இருக்கிறதா என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மரம் நடும் பணிக்குழு