பூஜாங் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் இளைஞர் குழுக்களும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் பேருந்து எடுப்பது வழக்கம். நல்ல காரியம்தான். ஆனால், குழுப்படம் பிடித்துக்கொண்டு அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டால், கெடாவின் பழைய பெயரான கடாரம் என்பதற்கு மேல் பிள்ளைகள் மனத்தில் எதுவும் தங்காது.

வெயில் ஏறுமுன் புக்கிட் பத்து பகாட் சண்டியை (சண்டி என்றால் பழங்கோயில்) பார்த்துவிட்டுக் காட்சிக்கூடத்துக்குள் போங்கள். 1936-37இல் தொல்லியல் அறிஞர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இந்தக் கற்கோயில், இருந்த இடத்திலேயே 1960இல் மீண்டும் அடுக்கி எழுப்பப்பட்டது. வளாகத்தில் உள்ள பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இதைச் சொல்லாமல் விட்டால், எல்லாக் கோயில்களும் இங்கேயே கூட்டமாக இருந்தன என்று பிள்ளைகள் கட்டுரையில் எழுதிவிடுவார்கள்.

மண்டபத் தளத்தில் தூண்பீடக் கற்கள் தெரியும். அவற்றின்மேல் நின்றவை மரத்தூண்கள். மரம் மக்கிப் போனதால்தான் இன்று கூரை இல்லை. தூண்பீடங்களை எண்ணி, கூரை எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளையே வரையச் சொல்லலாம்.

உள்ளே, கல்பேழைகளைக் காட்டாமல் வராதீர்கள். இக்கோயிலின் அடியில் கிடைத்த பேழைகளில் நடுவே ஒரு குழி, சுற்றிலும் சிறு குழிகள். செப்புக் கலயமும் மணிக்கற்களும் பொன்னும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். நம் கோயில்களில் மூலவரை நிறுத்துமுன் பீடத்தின் அடியில் நவரத்தினம் வைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும். கல்வெட்டுகளில் மட்டும் நிதானம் வேண்டும். பல்லவ எழுத்தைக் கண்டதும் தமிழ் என்று சொல்லிவிடுகிறோம். இப்பகுதியில் கிடைத்த புத்தகுப்தன் கல்வெட்டு போன்றவற்றின் மொழி சமஸ்கிருதம், சமயம் பௌத்தம். இந்துக் கோயிலும் பௌத்தமும் அருகருகே இருந்த துறைமுகம் இது என்பதே பெருமைக்குப் போதும்.

படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். நேராக விழும் ஒளியில் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். எழுத்து தெளிய வேண்டுமானால் கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கண்ணாடிப் பெட்டி என்றால் கைப்பேசியை அதன்மேல் ஒட்டிப் பிடித்தால் எதிரொளி வராது. எழுத்துக்குள் சாக்பீஸ் தேய்ப்பது பெரிய தவறு: கல்லில் கீறல் விழும், தவறாகத் தேய்த்த கோடு அடுத்தவர் கண்ணுக்கு எழுத்தாகவே தெரியும்.

பக்தி மேலிட்டு எண்ணெய், குங்குமம் சாத்துவதும் சூடம் ஏற்றுவதும் கூடவே கூடாது. செங்கல்லும் செம்புரைக்கல்லும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதில் தூசி படியும். சூடக் கரியைத் தேய்த்து எடுக்கப் போனால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து உதிரும். கையெடுத்துக் கும்பிட்டால் போதும்.

2013இல் சுங்கை பத்து தோட்டத்தில் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வந்தபோதுதான் அப்படியொன்று இருந்ததே நம்மில் பலருக்குத் தெரிந்தது. ஆகவே தங்கள் மாணவர் பகுதியில், அடுத்த விடுமுறைக்கு முன்பே, புக்கிட் பத்து பகாட் சண்டியின் தரைப்படத்தைப் பெயர்கள் இல்லாமல் அரைப்பக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். விமானம், மண்டபம், தூண்பீடம் எவையெவை என்று பிள்ளைகள் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பீடோங், கெடா