அந்த 50 மீட்டரை அளந்து கோடு போடுங்கள்

புதுச்சேரியில் பள்ளிகளையும் உணவுப் பாதுகாப்பையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2020ஆம் ஆண்டு விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், கேட்டிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. சென்ற வாரம் ஒரு பள்ளியின் கேட்டுக்கும் மிட்டாய் பாட்டிலுக்கும் நடுவே நாடா பிடித்தால் 4 மீட்டர்.

பிள்ளைகள் இனிப்பே தொடக் கூடாது என்று சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 1,400 கலோரி என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சேர்த்த சர்க்கரை 35 கிராமைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் பாலில் இரண்டிரண்டு டீஸ்பூன் போட்டாலே 16 கிராம் போய்விடும்.

ஆனால் பல்லைக் கெடுப்பதில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிது. ஜவ்வு மிட்டாய் கடைவாய்ப் பல்லின் குழியில் அப்பிக்கொள்ளும். கிருமி அதை அமிலமாக்கும். எச்சில் அதைத் தணிக்க அரை மணி நேரமாவது வேண்டும். இன்டர்வெல்லில் ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று, டியூஷன் போகும் வழியில் ஒன்று என்றால் எச்சில் எப்போதுதான் வேலையை முடிக்கும்? அதே மிட்டாயைச் சாப்பாடு முடிந்த கையோடு தின்று வாய் கொப்பளித்தால் சேதம் குறைவு. வீட்டில் இனிப்பை ஒளித்து வைத்தால் பிள்ளை திருடித் தின்னும். "காய் தின்றால் லட்டு" என்றால் காய் தண்டனையாகிவிடும். அதனால்தான் சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பின், பிள்ளையே எடுத்துக்கொள்ளும் ஒரு இனிப்பு என்று வீட்டில் பழக்கச் சொல்கிறோம். மாதக்கணக்கில் பழக்கியது, அந்த 4 மீட்டரில் இரண்டு ரூபாய்க்குக் கரைகிறது. அளந்து கோடு போடுங்கள்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் உணவில் சேர்க்கக் கூடாத ரோடமின்-பி சாயம் என்றதும் தமிழ்நாட்டுக்கு முன்பே தடை போட்ட ஊர் இது. சாயத்துக்கு வந்த கோபம் சர்க்கரைக்கு வராதோ? அதுவும் ரோஸ் கலரில் இருந்தால்தான் கண்ணில் படுமோ என்னவோ. வகுப்புக்குள்ளும் வாய்ப்பாடு ஒப்பித்தால் டாஃபி, பிறந்தநாளுக்கு ஆளுக்கு இரண்டு சாக்லேட். நாற்பது பேர் வகுப்பில் கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு பிறந்தநாள். பென்சில் கொடுத்தால் வாழ்த்து பலிக்காதா?

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட், ஒரு அளவு நாடா, மாதம் ஒருமுறை இன்டர்வெல் நேரத்தில் ஒரு நடை. தள்ளுவண்டிக்காரரை விரட்ட வேண்டாம். கோட்டுக்குள் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை), கொய்யா, வெள்ளரி, சீசனில் பண்ருட்டிப் பலாச்சுளை விற்கட்டும். தயவுசெய்து, பள்ளி திறக்கும் முன் அளந்து கோடு போடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் பல் பார்ப்பவர்கள் சிலர்