பூக்கிற வயலுக்கு முதல் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கம் பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவத் தொடங்கிவிட்டார்கள். இனி ஊருக்கு ஊர் கூட்டம் போட்டு, குளத்துத் தண்ணீரை எப்படி முறை வைப்பது என்று பேசுவார்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பட்டாளத்தில் இருந்தபோது மூன்று வருஷம் ஹரியானாவில், அம்பாலாவில் இருந்தேன். முகாம் வேலியை ஒட்டி ஒரு சர்தார்ஜியின் கோதுமை வயல். நவம்பரில் விதைப்பார், ஏப்ரலில் அறுப்பார். விதைத்த 21ஆம் நாள் தண்ணீர் கட்டியே ஆக வேண்டும் அவருக்கு. வீட்டில் கல்யாணம் என்றாலும் அன்றைக்கு மண்வெட்டியோடு வரப்பில்தான் நிற்பார். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டேன். ஒரு பயிரை மண்ணோடு கெல்லி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விதையிலிருந்து கீழே போன வேர் தனி. அதற்கு மேலே, மண் மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே, வெள்ளை வெள்ளையாகச் சின்ன முளைகள். அதுதான் பயிரைத் தாங்கப்போகும் வேர். 20 முதல் 25 நாளுக்குள் அது இறங்கும். அந்த ஓர் அங்குல மண் காய்ந்து கிடந்தால் வேர் இறங்காது, அடியிலிருந்து பக்கத்தில் கிளைத்துத் தூரும் கட்டாது. அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டாலும் போனது போனதுதான். கைவசம் ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதையும் அன்றைக்கே விடு என்பார்.

ஊருக்கு வந்து நெல் வைத்த பிறகுதான் அதன் அருமை எனக்கு விளங்கியது. கோதுமைக்கு அந்த 21ஆம் நாள் எப்படியோ, நெல்லுக்குத் தொண்டைக்கதிரும், அதாவது கதிர் உறைக்குள் இருக்கிற சமயமும், பூப்பும் அப்படி.

எனக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிசானத்தில் குளம் பாதிக்கும் கீழே போய்விட்டது. எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர் என்று நாங்களே கூடிப் பேசி முறை வைத்தோம். எல்லா வயலுக்கும் ஒரே கணக்கு. மேல்மடையில் பிந்தி நட்டவர்களின் பயிர் அப்போதுதான் தூர் கட்டிக்கொண்டிருந்தது. என் வயலில் கதிர் எட்டிப் பார்த்துவிட்டது. முறை தள்ளித் தள்ளி என் மடைக்கு வந்தபோது 11 நாள் ஆகிவிட்டது. வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வந்த தண்ணீரும் முதலில் வெடிப்புக்குள்தான் போனது.

நெல் பூப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை வெயில் ஏறும்போது உமி வாய் திறக்கும், மகரந்தம் தொங்கும், உச்சிப்பொழுதுக்குள் மூடிக்கொள்ளும். ஒரு கதிர் பூத்து முடிய ஒரு வாரம் போதும். அந்த வாரத்தில் வேருக்கு ஈரம் இல்லையென்றால் கதிர் முழுசாக வெளியே வராது. அடிக்கதிர் உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், பூ கருக்கட்டாது. தூற்றும்போது காற்றில் பறந்ததெல்லாம் பதர். 42 மூடை கண்ட வயலில் அந்த வருஷம் 27 மூடைதான்.

கூடுதல் தண்ணீர் கேட்டு நான் எழுதவில்லை. இருப்பதை மாற்றி விடலாம் என்கிறேன். நட்ட பயிர் பச்சை பிடித்த பிறகு, பூப்பு வரைக்கும், வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதில்லை. ஒரு அடி நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் வெட்டி, கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டியதுதான். வயல் மேலே காய்ந்த மாதிரி தெரியும். குழாய்க்குள் பார்த்தால் நாலு விரல்கடைக்குக் கீழே தண்ணீர் கிடக்கும். அது அரை அடிக்குக் கீழே போகும்வரை பயிருக்கு ஒரு குறையும் இல்லை. போனவுடன் இரண்டு அங்குலம் கட்டினால் போதும். போன பிசானத்தில் இப்படித்தான் செய்தேன். இரண்டு முறையை வேண்டாம் என்று பக்கத்து வயலுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் பூப்புக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் இப்படிக் காயவிடக் கூடாது, இரண்டு அங்குலம் நிற்கத்தான் வேண்டும்.

ஆகவே முறை வைப்பவர்கள் வயலின் பரப்பை மட்டும் பார்க்காமல் பயிரின் வயசையும் பார்க்க வேண்டும். தூர் கட்டுகிற வயல் நாலு நாள் பொறுக்கும். பூக்கிற வயல் பொறுக்காது. ஒரே மடையில் இருப்பவர்கள் கூடியவரை ஒரு வாரத்துக்குள் நட்டுவிட்டால் இந்தப் பாகுபாடே பாதி குறைந்துவிடும்.

அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது தண்ணீரை வடித்துவிடுகிறோம். அந்த ஈரத்தை நம்பித்தான், அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஏக்கருக்குப் பத்துக் கிலோ உளுந்து தூவுகிறோம். காலில் சேறு ஒட்டினால் விதை அழுகும், வெடிப்பு விட்டிருந்தால் முளைக்காது. மிதித்தால் கால்தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. இந்தப் பதம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உளுந்துக்கு இவ்வளவு பதம் பார்க்கிற நாம், நெல் பூக்கும்போது மட்டும் கிழமையைப் பார்த்து மடை திறக்கிறோம்.

எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு இந்தத் தடவை ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். யார் எந்தத் தேதியில் நட்டார், என்ன ரகம், எந்த வாரம் பூக்கும் என்று வயல்வாரியாக எழுதப் போகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர், விவசாயி,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.