கேட்க ஆளில்லாத கல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த நான்கு புகைப்படங்களும் போன வாரம் கிடைத்தன. முழங்கால் அறுவை முடிந்து மூன்றே மாதத்தில் தென்பெண்ணைப் படுகையில் இறங்கிப் பாறை பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னைத் திட்டுவதா மெச்சுவதா என்று தெரியவில்லை. வீட்டில் போதுமான அளவு திட்டியிருப்பார்கள். ஆகவே நான் மெச்சிவிடுகிறேன். ‘இது தமிழி எழுத்தேதான் (தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்), நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டிருக்கிறாய். அதற்குமுன் போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த ஒரு கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்கும் அதில் சங்கதி இருக்கிறது.

மாசசூசெட்ஸில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. பேரன் பள்ளிக்குப் போய்விட்டால் ஜன்னலோரம் உட்கார்ந்து அணில்களை எண்ணுவதுதான் எனக்கு வேலை. ‘இந்த ஊரில் ஒரு கல்வெட்டுக்கூடக் கிடையாதா?’ என்று நான் அலுத்துக்கொண்டது மருமகன் காதில் விழுந்திருக்கிறது. பெர்க்லி என்ற சிற்றூரில், டான்டன் ஆற்றங்கரையில் உள்ள டைட்டன் பாறைப் பூங்காவுக்குக் காரில் கூட்டிப்போனார். சின்னப் பூங்காதான். புல்வெளி, மரநிழல், உட்கார்ந்து சாப்பிட மேசைகள், அப்பால் அகன்று கிடக்கும் ஆறு. கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இந்த ஆற்றிலும் நீர் ஏறும், வடியும். கரையோரம் ஒரு சிறு கட்டடம். அதற்குள்தான் கல் இருக்கிறது.

நாற்பது டன் எடை. ஐந்தடி உயரம், ஒன்பதரை அடி அகலம், பதினோரு அடி நீளம். ஆற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்த அதன் முகம் முழுக்கக் கீறல்கள். முன்பு இது ஆற்றுக்குள்ளேயே கிடந்தது. நீர் வடியும் சில மணி நேரம் மட்டும் முகம் காட்டும், பிறகு மூழ்கிவிடும். 1963இல் தண்ணீரைத் தடுத்து மேலே தூக்கி, பிறகு கூரை கட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் சரிதான். ஆனால் தினமும் இரண்டு முறை முழுகி எழுந்த கல்லை இப்படி விளக்கின் கீழ் உலர்ந்து கிடக்கப் பார்க்கும்போது, மருத்துவமனையில் கிடக்கும் ஆற்றோரக் கிழவரைப் பார்க்கப் போனதுபோல் இருந்தது எனக்கு.

கீறல்களை உனக்கு எப்படிச் சொல்வது? உளிவெட்டுப் போலக் கூரான விளிம்பு எதிலும் இல்லை. மழுங்கிய, ஆழமில்லாத பள்ளங்கள். ஒரு முக்கோணம், அதன்மேல் ஒரு வட்டம், மனித உருவம் போல ஒன்று. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பின்னால் வந்த யாரோ கிறுக்கிய கோடுகள். எது பழையது, எது புதியது, எது கல்லிலேயே இருந்த வெடிப்பு என்று விரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்; விரல் வைக்கத்தான் விடமாட்டார்களே.

இந்தக் குழப்பத்தில் மூன்றரை நூற்றாண்டாக ஆளாளுக்கு வாசித்திருக்கிறார்கள். 1680இல் ஜான் டான்ஃபோர்த் என்பவர் முதன்முதலாகப் பார்த்து வரைந்தார். அதுவும் மேல்பாதியை மட்டும். அடுத்த நூற்றாண்டில் யேல் கல்லூரித் தலைவராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் இது பழங்கால மத்தியதரைக் கடலோர வணிகர்களான பினீசியரின் எழுத்து என்றார். 1837இல் டென்மார்க்கின் கார்ல் ராஃப்ன், கொலம்பஸுக்கு முன்பே வந்துபோன வட ஐரோப்பிய மாலுமிகளின் பதிவு என்று நூலே வெளியிட்டார். பிறகு வந்தவர்தான் சுவாரசியமானவர்: பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் டெலபார். தொழிலால் உளவியல் பேராசிரியர். ஒவ்வொருவரும் தான் காண விரும்பியதையே இந்தக் கல்லில் கண்டார்கள் என்பதை நன்றாக உணர்ந்தவர். அப்படிப்பட்டவரே 1918இல் ஒரு புகைப்படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ‘1511’ என்ற எண் தெரிந்துவிட்டது! அதைப் பிடித்துக்கொண்டு மிகேல் கோர்த்தே ரியால் என்ற போர்ச்சுகீசிய மாலுமியின் பெயரையும் வாசித்துவிட்டார். தம்பியா அண்ணனா என்று கேட்காதே, தொலைந்துபோன சகோதரனைத் தேடி 1502இல் கப்பலேறித் தானும் திரும்பாத மனிதர் அவர். கதை அழகாகத்தான் இருக்கிறது. கல்லில் அது இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

1853இல் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. சேத் ஈஸ்ட்மன் என்ற ராணுவ அதிகாரி ஈசிச்சேரில் சாய்வதுபோல் இந்தக் கல்மேல் சாய்ந்திருக்கிறார். கீறல்கள் பளிச்சென்று தெரியச் சுண்ணக்கட்டியால் தீட்டியிருக்கிறார்கள். தீட்டுகிறவன் கை எந்தப் பள்ளத்தில் போகிறதோ அதுதான் எழுத்து!

இவ்வளவு பேருக்கும் நடுவில், 1789இல் ஹார்வர்டில் இந்தக் கல்லின் நகலைக் காட்டியபோது ஜார்ஜ் வாஷிங்டன் சிரித்துவிட்டு, வர்ஜீனியாவில் பூர்வகுடிகள் வரைந்த இதே மாதிரிக் குறிகளைப் பார்த்திருக்கிறேன் என்றாராம். நில அளவையாளராகக் காடுமேடு சுற்றியவர் அல்லவா!

எனக்கு உறைத்தது ஒரு கணக்கு. இந்தக் கரை வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களுடையது. குடியேறிகளுக்கும் அவர்களுக்கும் 1675இல் மூண்ட போர் இந்தப் பகுதியில் 1676இல் முடிந்தது. அவர்களில் எத்தனையோ பேர் மாண்டார்கள், எத்தனையோ பேரை அடிமைகளாக விற்றார்கள். டான்ஃபோர்த் வந்து வரைந்தது அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து. சொல்லத் தெரிந்தவர்களைத் துரத்திவிட்டு, கல்லைச் சுற்றி நின்று ‘நீ யார், நீ யார்’ என்று கேட்டிருக்கிறார்கள். வாம்பனோக்குகள் இன்றும் இதே மாநிலத்தில் வாழ்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன், முடிந்துபோன கதை என்று நீ நினைத்துவிடக் கூடாது.

இனி என் வெட்கக்கேடு. வலப்பக்க மூலையில் கூட்டல் குறி போல இரண்டு கோடுகள். தமிழியில் ‘க’ அப்படித்தான் இருக்கும். பார்த்த கணத்தில் என் வாய் ‘க’ என்றது! தென்பெண்ணைக் கரை ஜம்பையின் தமிழிக் கல்வெட்டில் ‘அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு, வெயிலில் வாயடைத்து நின்றோமே, அந்தப் பழக்கதோஷம். அங்கே எழுத்துக்கு முன்னும் பின்னும் எழுத்து இருந்தது, சொல் இருந்தது, அதியமானை நமக்கு முன்பே புலவர்கள் சொல்லியும் இருந்தார்கள். இங்கே இரண்டு கோடு. மருமகன் ‘என்ன மாமா?’ என்றார். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்த்தேன்.

ஆகவே உன் படங்களுக்கு வருகிறேன். இரண்டாவது படத்தில் நீ ‘க’ என்று வட்டமிட்டிருப்பது எனக்கும் ‘க’ என்றுதான் தெரிகிறது. அதனாலேயே நம்ப மறுக்கிறேன். உச்சி வெயிலில் எடுத்திருக்கிறாய், நிழலே விழவில்லை. விடிந்ததும் சாய்வெயிலில் போய், ஒரே இடத்தில் நின்று அரைமணிக்கு ஒன்றாக எடுத்து அனுப்பு. சுண்ணக்கட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி மைப்படி எடுக்கலாம் என்றால் நான் வரும்வரை பொறு. ஈரத்தாளைத் தட்ட உன் முழங்கால் இடம் கொடுக்காது, என் கை இன்னும் கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பாறையில் துணி துவைக்கிறவர்கள், அங்கே மாடு ஓட்டிப்போகிறவர்கள் யாராவது இருந்தால் கேள். கத்தி தீட்டிய தடமா, பதினெட்டாம்புலி ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட கோடா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது. நான் தை பிறந்ததும் வந்துவிடுவேன்.

உன் பழைய
அறைத்தோழன்